பதிவேடும் பதிவெண்ணும்

தமிழ்நாட்டில் மாநிலம் முழுமைக்குமாக நடத்தப்பட்ட பொதுத்தேர்வுகளுள் மிகக் குறைந்த ஆயுள் பெற்றது பதினோராம் வகுப்புத் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் முதன்முறையாக எழுதப்பட்டு, 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கையோடு அது விடைபெற்றது. இதைவிடவும் அற்ப ஆயுள் கொண்டவை ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் விதிக்கப்பட்ட தேர்வுகள். ஆனால் அவை பிறப்பதற்கு முன்பே இறந்தவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு தேர்வு வருவதும் போவதும் நாளிதழ்களில் இரண்டு நாள் பேச்சு. மூன்றாம் நாள் அது பெற்றோரின் கவலையாகவும் பயிற்சி நிலையங்களின் விளம்பரமாகவும் மாறிவிடுகிறது. அதன் பின்னால் இருக்கும் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. பார்த்தால் வியப்பான ஓர் ஒழுங்கு தெரிகிறது. நம்முடைய பொதுத்தேர்வுகளுள் பல, அதற்கு முன்பிருந்த ஏதோ ஒரு தேர்வின் கொடுமைக்கு மருந்தாகவே வந்திருக்கின்றன. எஸ்.எஸ்.எல்.சி. என்ற நான்கெழுத்தைக் கேட்டாலே இன்றைக்கும் வயிற்றில் புளி கரைகிறவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழ் ஒற்றைத் தேர்வின் ஆதிக்கத்தை உடைப்பதற்காகவே உருவாக்கப்பட்டது என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

தேர்வு என்னும் செயல் நமக்குப் புதியதன்று. திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பொறுப்பில் அமர்த்தப்படுகிறவனை எவ்வெவ்வாறெல்லாம் ஆராய வேண்டும் என்பதே அதன் பொருள். எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சபையின் வாரியங்களுக்குக் குடவோலை இடப்படுவதற்கான தகுதிகளை அடுக்குகிறது. நிலமும் வீடும் வயதும் மட்டும் போதா. வேதக் கல்வியும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு நில அளவில் சலுகை உண்டு. புலவர்க்கு அரங்கேற்றம் இருந்தது. இவை எல்லாவற்றிலும் ஆராய்கிறவரும் ஆராயப்படுகிறவரும் ஒருவரையொருவர் அறிவர்; முகம் பார்த்து நிகழ்வது அந்தத் தேர்வு. அதன் பெருமையும் அதுதான், அதன் அநீதியும் அதுதான். குடவோலைப் பானைக்குள் யாருடைய பெயர் விழவே வாய்ப்பில்லை என்பதை அந்தக் கல்வெட்டு சொல்லாமலே சொல்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவோம். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட அவரது குறிப்பில் விடை கிடைக்கிறது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. செங்கல்பட்டு மாவட்டத்துக்கான எண்ணிக்கை 508 பள்ளிகள். இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் தரம்பால் வெளியிட்ட ‘தி பியூட்டிஃபுல் ட்ரீ’ என்ற நூலைப் பற்றி நிறையச் சண்டைகள் நடந்திருக்கின்றன. நம் கல்வி பொற்காலத்தில் இருந்தது என்பார் ஒரு சாரார். அந்தப் பொற்காலத்தில் யார் யாருக்கு இடமிருந்தது என்று கேட்பார் மறு சாரார். அந்தச் சண்டைக்குள் நான் இப்போது போகவில்லை. எனக்கு வேண்டியது ஒரு சிறு செய்திதான். அந்த 508 பள்ளிகளுக்கும் பொதுவான தேர்வு என்று ஒன்று கிடையாது. திண்ணைப் பள்ளியில் சோதனை அன்றாடம் நடந்தது. விடியற்காலையில் ஆத்திசூடியும் எண்சுவடியும் ஒப்பிக்க வேண்டும், சட்டாம்பிள்ளை கேட்பான், தவறினால் பிரம்பு பேசும். பிள்ளை தேறினானா என்பதை ஊரார் தெரிந்துகொண்டது அவன் ஓலை வாசிப்பதையும் கடைக்கணக்குப் போடுவதையும் பார்த்துத்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதர், அந்தப் பிள்ளையை முன்பின் பாராதவர், அவன் தேறினான் அல்லது தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போகும் வழக்கம் அங்கே இல்லை.

அந்த மனிதர் 1860களில் வந்தார். இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தக் கல்வி விதிகளின்படி, பள்ளிக்கு அரசு தரும் மானியம், ஆய்வாளர் முன்னிலையில் பிள்ளைகள் வாசித்தும் எழுதியும் கணக்கிட்டும் காட்டும் தேர்ச்சியைப் பொறுத்தது. கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அப்போது அங்கே பள்ளி ஆய்வாளராக இருந்தார். இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். இலக்கியவாதி ஒருவர் தம் அலுவலகத்தின் ஆணையை எதிர்த்து எழுதியதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது. அவருடைய எதிர்ப்பு கடல் தாண்டி வரவில்லை, விதி வந்துவிட்டது. 1868ஆம் ஆண்டின் மானிய விதிகள் சென்னை மாகாணத்தில் இதனை நிலைநிறுத்தின. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி வைத்துக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம். திண்ணைப் பள்ளிகள் பல அரசின் கணக்குக்குள் வந்ததற்கு இந்தப் பணம் ஒரு காரணம். மந்தமாகப் படிக்கும் பிள்ளை ஆசிரியருக்கு நட்டமாக மாறியதற்கும் அதே பணம்தான் காரணம். 1904இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானமே இம்முறையைக் கைவிடச் சொல்லிற்று. அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் கடந்துவிட்டது. ‘இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்றால் நடுங்கும் ஆசிரியர் நம் சிறுகதைகளுக்குக் கிடைத்த கொடை.

மேல்நிலையில் வேறொரு வாசல் திறந்திருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அது பாடம் நடத்தும் இடமாக இல்லை. தேர்வு நடத்தும் அமைப்பாகவே பிறந்தது. அதன் நுழைவுத் தேர்வான மெட்ரிகுலேஷன்தான் மாகாணம் முழுவதற்குமான முதல் பொது அளவுகோல் எனலாம். அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும். பின்னவரைத் தமிழ் படிக்கிறவர்கள் கலித்தொகையின் பதிப்பாசிரியராக அறிவோம். தேர்வும் பதிப்பும் இப்படிப் பின்னிக் கிடந்த காலம் அது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம் 1868இல் பாதிரியார் பவரின் முயற்சியால் அச்சேறியது. அது மாணவர்க்குரிய பாடப் பகுதியாகவும் விளங்கிற்று. முழுச் சிந்தாமணிக்கு நாம் 1887 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் செவ்விலக்கியங்களுள் சில, வினாத்தாளுக்கு வேண்டிய அளவுக்குத் துண்டாகத்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தன என்பது தமிழாசிரியர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு நினைத்துப்பார்க்க வேண்டிய செய்தி.

கும்பகோணம் அரசுக் கல்லூரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1880இல் அக்கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற விரும்பியபோது, தம் இடத்துக்கு உ. வே. சாமிநாதையரை அழைத்து வந்தார். ஐயரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. கல்லூரியில் இருந்தவர்கள் அவரை எதிரே உட்காரவைத்துப் பாடம் சொல்லச் செய்தார்கள், செய்யுள் இயற்றச் சொன்னார்கள், மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து அதே கல்லூரியில் சேர்ந்த மாணவர் சீனிவாச ராமானுஜன். மெட்ரிகுலேஷனில் சிறப்பாகத் தேறி உதவித்தொகையோடு வந்தவர், கணக்கு தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. முகம் பார்த்த தேர்வு உ.வே.சா.வைக் கண்டுகொண்டது, தாள் பார்த்த தேர்வு ராமானுஜனைக் கோட்டைவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது. நான் அவசரப்பட மாட்டேன். ஐயருக்குச் செட்டியார் இருந்தார். சிபாரிசு சொல்ல ஒரு செட்டியார் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மெட்ரிகுலேஷனின் கெடுபிடி அக்காலத்திலேயே பெரிய முறையீடாக இருந்தது. நாலைந்து நாள் தேர்வில் பத்தாண்டுப் படிப்பின் தலைவிதி. எழுதுபவருள் மிகப் பலர் தோல்வி. ‘மெட்ரிகுலேஷன் பெயில்’ என்பதையே ஒரு தகுதிபோல எழுதிக்கொண்டவர்களைக் கேலி செய்யும் நாம், தோற்றவர் எத்தனை பேராக இருந்திருந்தால் அப்படி ஒரு பட்டமே புழக்கத்துக்கு வந்திருக்கும் என்று நினைப்பதில்லை. இதற்கு மாற்றாகத்தான் 1910-11இல் இடைநிலைக் கல்விக்கான வாரியம் அமைந்து, எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளி விடுகைச் சான்றிதழ் என்பதே அதன் பெயர். தேர்வு என்ற சொல் அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

அது உண்மையில் ஒரு புத்தகம். கெட்டி அட்டை போட்ட சிறு ஏடு. எங்கள் கோவளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் தகப்பனாருடையதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார், வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெயர், பிறந்த நாள் எண்ணிலும் எழுத்திலும், மதம், வகுப்பு, அங்க அடையாளங்கள் இரண்டு. இடக் கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்காலில் ஒரு தழும்பு. கடப்பிதழ் போல இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. நினைத்துப் பார்த்தால் அது பொருத்தமான ஒப்புமைதான். அதைக் கையில் வைத்திருந்தவர் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போனவர்.

அந்த ஏட்டின் மூலத் திட்டம் இதுதான். பள்ளியின் கடைசி ஆண்டுகளில் மாணவன் எப்படிப் படித்தான் என்பதைப் பள்ளியே அதில் பதிய வேண்டும். முக்கியமான சில பாடங்களுக்கு மட்டும் அரசு பொதுத்தேர்வு நடத்தி, அந்த மதிப்பெண்ணையும் அதே ஏட்டில் குறிக்கும். பள்ளியின் சொல் ஒரு பக்கம், அரசின் எண் மறுபக்கம். ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ என்று தீர்ப்பு எழுதும் கட்டம் அதில் கிடையாது. ஏடு எல்லோருக்கும் உண்டு. கல்லூரிக்குச் செல்லத் தகுதி பெற்றவர் ‘எலிஜிபிள்’. மற்றவர் ‘எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்’. தாத்தாக்கள் காலத்தில் இந்த இரு சொற்களும் வீட்டுப் பேச்சில் புழங்கின. திருமணப் பேச்சிலும் புழங்கின என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! ஒரு பிள்ளையை மூன்று மணி நேரம் பார்த்த தாளும், அவனை ஆண்டுக்கணக்கில் பார்த்த ஆசிரியரும் ஒரே ஏட்டில் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் நாளடைவில் என்ன நடந்தது? கல்லூரியும் அலுவலகமும் ஏட்டைத் திறந்தவுடன் புரட்டியது பொதுத்தேர்வுப் பக்கத்தை மட்டுமே. ஆசிரியர் எழுதிய பக்கம் படிக்கப்படாத பக்கமாயிற்று. படிக்கப்படாததை யாரும் கருத்தோடு எழுதுவதில்லை. பிறகு எல்லாப் பாடங்களுக்கும் பொதுத்தேர்வே என்றாகி, பாடந்தோறும் 35 எடுத்தால் தேர்ச்சி, 34 எடுத்தால் தோல்வி என்ற நிலை வந்தது. என் தலைமுறைக்கு வந்தபோது ஏடு ஒற்றைத் தாளாகிவிட்டிருந்தது.

பாடத்திட்டத்தையோ அதிகாரிகளையோ குறை சொல்லி இதைக் கடந்துவிடலாம். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஆசிரியர் எழுதிய பக்கத்தை ஊர் நம்பவில்லை. நம்பாமல் இருக்க ஊருக்குக் காரணமும் இருந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1891இல் இம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை புகழ்பெற்றது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது, அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த ஆணையின் விளைவு. 1893இல் பஞ்சமர் கல்விக்கென்று 68ஆம் எண் அரசாணை வந்தது. ஆணை வந்ததே தவிர, ஊர்த் தெருவிலிருந்த பள்ளிக்குள் அந்தப் பிள்ளைகள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. நுழைந்தவர்களும் எங்கே உட்கார்த்தப்பட்டார்கள் என்பதை நம் தன்வரலாற்று நூல்கள் போதுமான அளவு பதிவு செய்திருக்கின்றன. அப்படிப்பட்ட வகுப்பறையில், பிள்ளையைப் பெயரோடும் தெருவோடும் அறிந்த ஆசிரியர் ‘நடத்தை திருப்தி, ஊக்கம் குறைவு’ என்று எழுதும் ஏடு யாருக்குத் துணை நிற்கும்?

பதிவெண்ணின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இல்லை. எங்கோ ஒரு மையத்தில் திருத்துபவருக்கு அந்த எண்ணின் தெரு தெரியாது. பின்னாளில் அந்தப் பதிவெண்ணையும் மறைத்து வேறொரு ரகசிய எண் இட்டார்கள். அதற்கும் பிறகு பட்டைக்குறியீடு வந்தது. கட்டுமரத்துக்காரரின் மகனும் கல்லூரி முதல்வரின் மகனும் திருத்துபவர் மேசையில் ஒரே கட்டில் கிடந்தார்கள். இந்தக் கடற்கரையில் முதல் தலைமுறையாகப் படித்து ஆசிரியராகவும் செவிலியராகவும் போனவர்களைக் கேட்டால், பொதுத்தேர்வைப் பற்றிக் கடுஞ்சொல் சொல்வார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் அவர்களுள் எவரும் என்னிடம் சொன்னதில்லை. கல்விச் சிந்தனையாளர்கள் தேர்வைக் கண்டித்து எழுதும்போது இந்தத் தயக்கத்துக்குக் காது கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

முகம் பார்த்த தேர்வின் மீது தமிழ்நாட்டுக்கு இருந்த அவநம்பிக்கை நீதிமன்றம் வரைக்கும் சென்றது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் அந்நாளில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் உண்டு. 1970இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அம்மதிப்பெண்கள் வழங்கப்பட்ட முறையைக் குறை கண்டது. முகம் பார்த்து இடம்பெறும் மதிப்பெண் சரிந்ததும் தாள் பார்த்து இடும் மதிப்பெண்ணின் அதிகாரம் இன்னும் உயர்ந்தது.

மறுதரப்பும் வலுவானதே. 1952-53இல் இந்தியா முழுமைக்குமான இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் ஆ. லட்சுமணசாமி முதலியார். அப்போது அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதாவது தேர்வு நடத்துவதற்கென்றே பிறந்த நிறுவனத்தின் தலைவர். அவருடைய குழு, புறத்தேர்வுகளைக் குறைக்க வேண்டும், பள்ளியிறுதியில் ஒரே ஒரு பொதுத்தேர்வு போதும், மாணவனின் தொடர் பதிவேட்டுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தத் தொடர் பதிவேடு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி. ஏடாக இங்கே பிறந்து நலிந்த அதே யோசனைதான். 1989இல் மாநிலங்களவையில் ஆர். கே. நாராயண், பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். இளமையில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர் அவர். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை தந்தது. அதுவும் தேர்வுமுறையைத்தான் முக்கியமான நோயாகக் கண்டது.

பிற்கால நிகழ்ச்சிகளை விரைந்து சொல்லிவிடலாம். 1975இல் அரசுத் தேர்வுகளுக்கென்று தனி இயக்ககம் பிரிந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்து, 1980 மார்ச்சில் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2007இல் அது விலகியது. கிராமத்துப் பிள்ளைக்குப் பயிற்சி நிலையம் எட்டாது, பள்ளிப் பாடம் எட்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். அதன்படி பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் திறவுகோலாயிற்று. 2017இல் நீட் வந்து மருத்துவத்தின் பூட்டையே மாற்றிவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்ததும் அந்த மாற்றத்தின் எதிரொலி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலம் முழுமைக்கும் ஒரே தேர்வு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தாலும், பத்தாம் வகுப்பில் அது நெடுங்காலம் உண்மையாக இல்லை. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள், நான்கு வகைத் தேர்வுகள். ஒருவருக்கு 500 மதிப்பெண்ணுக்குத் தேர்வு. அடுத்த தெருப் பிள்ளைக்கு 1,100க்கு. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன 2011 ஆகஸ்ட் 9 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பிறகே, 2012இல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வினாத்தாளை எழுதினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பிறந்து ஒரு நூற்றாண்டு கழித்து! வினாத்தாள் ஒன்றானது, அதற்குத் தயார் செய்யும் வீடுகள் ஒன்றாகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதினோராம் வகுப்புத் தேர்வின் கதை இந்தப் பின்னணியில்தான் புரியும். பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டாண்டு உருப்போட வைத்தன. ஒரு தேர்வு விளைத்த இந்த நோய்க்கு மருந்தாக 2017இல் இன்னொரு தேர்வு வந்தது. அதே ஆண்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் நிறுத்தினார்கள். அதை மட்டும் முழு மனத்தோடு பாராட்டுகிறேன்; முதலிடம் பெற்ற பிள்ளையின் வாயில் லட்டு ஊட்டும் புகைப்படம் எத்தனை வீடுகளில் வேறு பிள்ளைகளின் சோற்றைக் கசக்கச் செய்தது! இரண்டாண்டு மதிப்பெண்களும் சேர்ந்தே கணக்காகும் என்று முதலில் சொன்னார்கள். 2018 செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும் என்று மாற்றினார்கள். அன்றைக்கே அந்தத் தேர்வின் உயிர் போய்விட்டது. உடல்தான் 2025 வரை இருந்தது.

இனி ஐந்தாம் வகுப்புக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரையில் எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தக் கூடாது, வாரியத் தேர்வு எதுவும் கூடாது என்றது. 2019 ஜனவரியில் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைக்க மாநிலங்களுக்கு வழி விட்டார்கள். அவ்வழியைத் தமிழ்நாடு உடனே பற்றிக்கொண்டது. 2019 செப்டம்பரில் ஆணை வந்தது. ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் எதிர்த்தார்கள். திரையுலகினரும் எழுத்தாளர்களும் பேசினார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது.

பொதுத்தேர்வின் பக்கம் இத்தனை நேரம் பேசிய நான், இதில் மட்டும் எதிர்த்தவர்களோடு நிற்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதிவெண் ஒரு கவசம். அதன் மறைவில் அவன் தன் தெருவைத் தாண்டிப் போகிறான். பத்து வயதுக் குழந்தைக்கு அந்தக் கவசத்தால் போகும் இடம் ஒன்றுமில்லை. கல்லூரியும் வேலையும் அதற்கு எதிரே இல்லை. அதன் கையில் மீதமிருப்பது தோல்வி என்ற சொல் மட்டுமே. கடலோரக் குப்பங்களில் மீன் ஏலம் விடும் தாய்க்கும் வலை பின்னும் பாட்டிக்கும், ‘உம்புள்ள அஞ்சாவதுல பெயிலு’ என்பது பள்ளியை நிறுத்திவிடப் போதுமான காரணம். அதிலும் பெண் குழந்தை என்றால் இரண்டாம் யோசனை இருக்காது. பள்ளி சரியாகக் கற்பித்ததா என்று தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருக்கின்றன. 2017லும் 2021லும் நடந்த தேசிய அடைவு ஆய்வும், மாநில அளவிலான அடைவு ஆய்வும் அத்தகையவை. அவற்றில் குழந்தைக்கு மதிப்பெண் கிடையாது, வகுப்பில் நிறுத்துவதும் கிடையாது. அங்கே சோதிக்கப்படுவது அமைப்பு. ஆய்வாளர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட 1868க்கும் இதற்கும் உள்ள தொலைவை நாம் எளிதில் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

தாளின் மீது நமக்குள்ள பக்தியின் ஆழத்தை இரண்டு பேரிடர்கள் காட்டின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும், அன்றைக்குக் கோவளத்தையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டமும் மூழ்கியபோது, வீட்டுக்கு வீடு கேட்ட புலம்பலில் நகைக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இணையாக மதிப்பெண் சான்றிதழ்கள் இருந்தன. அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. சான்றிதழ் இழந்தவர்களுக்குக் கட்டணமின்றி மாற்றுப் படிகள் தர அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. வீடிழந்தவர் அடுத்த வீட்டை நினைக்கும் முன்பு அந்த வரிசையில் போய் நின்றார்.

இரண்டாவது, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று. மார்ச்சில் தள்ளிவைக்கப்பட்ட பத்தாம் வகுப்புத் தேர்வு, ஜூன் 9 அன்று முற்றாக நீக்கப்பட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் பழைய மதிப்பெண்களையும் பள்ளியின் மதிப்பீட்டையும் கலந்து தந்தார்கள். நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி. ஏட்டை வகுத்தவர்கள் விரும்பியது கிட்டத்தட்ட இதைத்தான்: பள்ளியின் பதிவேடே மாணவனுக்குச் சாட்சி. அவர்களுடைய யோசனைக்கு ஒரு நூற்றாண்டு தராத வாய்ப்பை ஒரு கிருமி தந்தது.

பதிவேடு தயாராக இருந்ததா? தேர்வுத் துறை முதலில் செய்த வேலை, காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களையும் மதிப்பெண் பதிவேடுகளையும் ஒப்படைக்கும்படி பள்ளிகளுக்கு ஆணை அனுப்பியதுதான். மதிப்பெண்ணைப் பள்ளி சொன்னால் போதாது, தாளும் வர வேண்டும். முழு அடைப்புக் காலத்தில், பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, கட்டுக் கட்டாக விடைத்தாள்களைத் தேடி எடுத்து, வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் ஆசிரியர்கள். சில இடங்களில் தாள்கள் மாணவர்களிடமே திருப்பித் தரப்பட்டிருந்தன. வீடு வீடாகக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

2025-26ஆம் கல்வியாண்டிலிருந்து பதினோராம் வகுப்பின் ஆண்டிறுதித் தேர்வு மறுபடியும் பள்ளியின் பொறுப்பு. வினாவும் திருத்தமும் அங்கேயே. பெயர் தெரிந்த ஆசிரியர், பெயர் தெரிந்த பிள்ளை.